ஃபலஜ்: நிழலை அளந்து நீரைப் பகிர்ந்த ஊர்கள்

மதீனாவின் ஹர்ரா நிலப்பகுதியில் ஓடிய வாய்க்கால் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் எழுந்த வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. மேல்மடையில் இருந்தவர் ஸுபைர் (ரலி). தம் மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு பின்னர் அண்டைத் தோட்டத்தாருக்குத் திறந்துவிடுமாறு நபியவர்கள் முதலில் கூறினார்கள். மேல்மடைக்காரருக்கு முந்திப் பாய்ச்சும் உரிமை உண்டு. கீழே இருப்பவருக்குக் கிடைக்காமல் தடுத்துவைக்கும் உரிமை இல்லை. இந்த நெறியை ஓர் ஊரின் அன்றாட ஏற்பாடாக ஆக்குவது எப்படி என்பதற்கு ஓமானின் ஃபலஜ்கள் விடை தருகின்றன.

ஓமானின் பெரும்பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. வற்றாத பேராறு எதுவும் அங்கில்லை. ஆயினும் மலையடிவாரமெங்கும் பேரீச்சந் தோப்புகள் செழித்திருக்கின்றன. காரணம் ஃபலஜ். பங்கிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. நீரைக் கொண்டுவருவதைக் காட்டிலும் பகிர்வதே பெயராகியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். சில ஃபலஜ்கள் பள்ளத்தாக்குகளில் கசிந்தோடும் நீரையும், சில ஊற்று நீரையும் திருப்பிக் கொணர்பவை. ‘தாவூதி’ எனப்படும் வகைதான் வியப்பூட்டுவது. மலையடியில் ஆழமான தாய்க் கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில், சில இடங்களில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிச் சுரங்கம் வெட்டி, எந்த இறைவையும் இன்றி நீரை ஊருக்கு நடத்திவருவர். நபி ஸுலைமான் (அலை) அவர்களின் ஆணைப்படி ஜின்கள் பத்து நாட்களில் பத்தாயிரம் ஃபலஜ்களைத் தோண்டின என்பது ஓமானியர் சொல்லிவரும் கதை. நாமறிந்த வரலாற்றில் அவாமிர் குலத்தார் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். இருண்ட சுரங்கத்தில் மண் சுமந்தவர்கள் மனிதர்களே. இக்கலை இஸ்லாத்துக்கு முந்தியது. அல்ஐன் பகுதியில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள சுரங்கக் கால்வாய்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

ஊருக்குள் நுழையும் நீர் ஒரு வரிசையைப் பின்பற்றும். அது வெளிப்படும் முதலிடம் குடிநீருக்கு உரியது. அங்கே ஊராரும் வழிப்போக்கரும் ஒன்றே. யாரும் விலை கொடுப்பதில்லை. அடுத்துப் பள்ளிவாசலில் ஒளூவுக்கும், பின்னர் ஆண்களும் பெண்களும் தனித்தனியே குளிப்பதற்கும் அது பயன்படும். சில ஊர்களில் ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் தனியிடம் உண்டு. இவற்றைக் கடந்த பின்னரே தோட்டங்களுக்குச் செல்லும். தோட்டங்களிலும் பேரீச்சைக்கே முதலிடம். பருவப் பயிர் நிலங்கள் அதற்குப் பின்னர்தான். வறட்சி வந்தால் பருவப் பயிர்களைக் கைவிட்டு மரங்களைக் காப்பர். பல்லாண்டு வளர்ந்த மரத்தை இழப்பதைவிட ஒரு போகத்தை இழப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு.

தோட்டத்துக்கான பங்கு காலத்தால் அளக்கப்பட்டது. ஏறத்தாழ அரைமணி நேர ஓட்டம் ஓர் ‘அதர்’. 24 அதர்கள் சேர்ந்தது, அதாவது அரைநாள், ஒரு ‘பாதா’. கடிகாரம் இல்லாத காலத்தில், சமதளத்தில் நட்ட கோலின் நிழல் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பகலில் பார்த்தனர். இரவில் குறித்த விண்மீன்கள் மலைமுகட்டிலோ சுவர்விளிம்பிலோ தோன்றுவதையும் மறைவதையும் கொண்டு மடை மாற்றினர். முறைக்காரர் நள்ளிரவிலும் மண்வெட்டியுடன் வந்து நிற்பார்.

இதையெல்லாம் நடத்தியவர்கள் அரசு அதிகாரிகள் அல்லர். பங்குதாரர்கள் ஒரு வக்கீலைத் தேர்ந்தெடுப்பர். நீதிமன்ற வழக்கறிஞரென்று கருத வேண்டாம். இவர் ஃபலஜின் பொறுப்பாளர். மடை மாற்றுவதை மேற்பார்க்க அரீஃப், நம் ஏரிகளின் நீர்க்கட்டியைப் போன்றவர். வரவுசெலவுக்கு அமீன், ஏலம் கூறத் தல்லால். ஃபலஜுக்கென்றே சில நீர்ப்பங்குகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை ஏலமிட்டுக் கிடைக்கும் பணத்தில் தூர்வாரலும் பழுதுநீக்கலும் நடக்கும். பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்கும் நீர்ப்பங்கையே வக்ஃபு செய்தவர்களும் உண்டு. நிலத்தையோ கடையையோ வக்ஃபு செய்வதை நாம் அறிவோம். அரைமணி நேரத்தை வக்ஃபு செய்தவர்கள் இவர்கள்.

இதைக் குறையற்ற சமத்துவம் என்று நாம் புகழ வரவில்லை. பங்குகள் வாரிசுரிமையாக வந்தன, விற்கவும் வாங்கவும் பட்டன. பணமுள்ளவர் ஏலத்தில் கூடுதல் நேரம் பெற்றார். ஆயினும் நீர் பெருகினாலும் சுருங்கினாலும் அந்த ஏற்றத்தாழ்வு எல்லாப் பங்கையும் ஒரே விகிதத்தில் தொட்டது. காலமே பங்காக இருந்ததால், வற்றிய ஆண்டில் ஒருவர் மட்டும் முழுமையாகத் தப்பிக்க வழியில்லை. கால்வாயைப் பேணுவது அனைவருடைய நலனும் ஆயிற்று.

ஆட்சியாளர்கள் முற்றிலும் விலகியிருந்தார்கள் என்பதும் சரியன்று. யஃரூபி இமாம்கள் பல ஃபலஜ்களைத் தோண்டினர், புதுப்பித்தனர். பிர்கத்துல் மவ்ஸில் உள்ள அல்கத்மைன் ஃபலஜ் மூன்று சமமான கால்வாய்களாகப் பிரியும் அழகை இன்றும் காணலாம். தோண்டுவதற்கு ஆட்சியாளர் உதவினார். அன்றாடம் நடத்தியது ஊர்.

இவ்வமைப்பை உலுக்கியது போரோ பஞ்சமோ அன்று, பம்பு. 1970களுக்குப் பின் எண்ணெய்ச் செல்வத்தோடு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. முறைக்காகக் காத்திராமல், ஏலத்துக்குச் செல்லாமல், அரீஃபைக் கேளாமல் தம் தோட்டத்திலேயே நீர் எடுக்க முடிந்தது. நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தபோது, மேல்மடையும் கீழ்மடையும் சேர்ந்தே வறண்டன. ஃபலஜின் அருகே பிறர் கிணறு தோண்டலாகாது என்ற ‘ஹரீம்’ எல்லையை ஃபிக்ஹு நூல்கள் வகுத்திருந்தன. ஆழத்திலிருந்து உறிஞ்சும் எந்திரத்தை அந்நூலாசிரியர்கள் கண்டதில்லை. 1988இல் ஓமான் அரசு நீரைத் தேசியச் செல்வமாக அறிவித்து, தாய்க் கிணறுகளின் அருகே புதுக் கிணறு தோண்டுவதையும் தடுத்தது. வீட்டுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, பள்ளிவாசல் குளம் ஏன் வற்றியது என்று கேட்கும் நம் ஊர்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று.

1997இல் எடுத்த கணக்கெடுப்பில் 4,112 ஃபலஜ்கள் பதிவாயின. அவற்றுள் 3,017இல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. 2006இல் ஐந்து ஃபலஜ்கள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. நிழற்கோலின் இடத்தில் இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம். பிள்ளைகள் மஸ்கட்டுக்கு வேலைக்குச் சென்றுவிட்டதால், பல தோப்புகளில் மடை மாற்றுபவர்கள் நம் துணைக்கண்டத்திலிருந்து கூலிக்குச் சென்றவர்கள். எந்த அதர் எவருடையது என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்களுக்கென்று அதில் ஓர் அதரும் இல்லை.