தத்துவ போதகர்
இராபர்ட் தெ நோபிலி (1577–1656) இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ஆவார். தமிழில் இவர் தத்துவ போதகர் எனப்படுகிறார். 1605இல் கோவாவுக்கும் 1606இல் மதுரைக்கும் வந்தார். அங்கு கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் சபைத் துறவி, கடற்கரையிலிருந்து வந்திருந்த பரதவக் கிறித்தவர்களுக்குப் பணியாற்றி வந்தார். உள்ளூர் மக்களோ அதைப் பரங்கியர் சமயம் என ஒதுக்கினர்.

எனவே நோபிலி காவியுடுத்து, புலால் தவிர்த்து, தமிழும் வடமொழியும் கற்றுத் தனித்து வாழ்ந்தார். இதை எதிர்த்துப் பெர்னாண்டசு மேலிடத்தில் முறையிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி முதலிய வழக்கங்களுக்கு இசைவளித்தார். அவ்வாண்டே நோபிலி திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளுக்குப் பயணமானார்.

உயர்சாதியினரிடையே வாழ்ந்ததால் பிறரோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. இக்குறை தீர 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் குருக்கள் ஏற்பட்டனர். முதுமையில் பார்வை மங்கிய நோபிலி மயிலாப்பூரில் காலமானார். பரங்கியர் சமயம் என்ற பெயரை மாற்ற அவர் கண்ட வழி, சாதிப் பிரிவுக்குத் திருச்சபையிலும் இடமளித்தது.