பிக்கிள்பால்: தேர்ந்தவரும் புதியவரும் சேர்ந்து ஆடுவது எப்படி?

அமெரிக்காவின் பூங்காக்களிலும் சமுதாயக் கூடங்களிலும் மாலை நேரங்களில் இன்று அதிகம் காணப்படும் ஆட்டங்களுள் ஒன்று பிக்கிள்பால். டென்னிஸ், ஷட்டில், டேபிள் டென்னிஸ் ஆகிய மூன்றும் கலந்தது போன்ற ஆட்டம் இது. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இப்போது பரவி வருகிறது. அடிப்படையைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும் என்பதால் பள்ளி மாணவரும் பணி ஓய்வு பெற்ற பெரியவரும் ஒரே இடத்துக்கு ஆட வருகிறார்கள்.

சிக்கலும் அங்கேயேதான் தொடங்குகிறது. பல தரத்தினர் வந்து சேரும் இடத்தில் ஒழுங்கு எதுவும் இல்லையென்றால், நன்றாக ஆடும் நால்வர் கோர்ட்டைப் பிடித்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவர் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது நான்கு பந்துகளில் ஆட்டம் கை நழுவிப் போகும். அவர் யாரிடமும் குறை சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வர மாட்டார், அவ்வளவுதான். மறுபுறம், ஒவ்வொரு நாளும் கற்றுக்கொடுப்பதிலேயே நேரம் போகிறது என்று தேர்ந்த ஆட்டக்காரர்களும் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். இரு தரப்பையும் தக்கவைக்கும் வழிகள் இந்த ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

பெயர் வந்த கதை

1965ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரை அடுத்துள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்தது. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜோயல் பிரிச்சர்டும் அவருடைய நண்பர் பில் பெல்லும் குடும்பத்தினர் பொழுதுபோக்குவதற்காக, வீட்டிலிருந்த பழைய ஷட்டில் கோர்ட்டில் டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆடத் தொடங்கினர. மற்றொரு நண்பரான பார்னி மெக்கல்லம் விதிகளையும் மட்டையையும் செம்மைப்படுத்துவதில் பங்கேற்றார்.

படகுப் போட்டிகளில், வெவ்வேறு அணிகளில் இடம் கிடைக்காமல் மிஞ்சிய துடுப்பாளர்களைச் சேர்த்து அமைக்கும் படகை 'பிக்கிள் போட்' என்பார்கள். பல ஆட்டங்களிலிருந்து எடுத்த துண்டுகளால் ஆனது என்பதால் பிரிச்சர்டின் மனைவி ஜோன் இந்தப் பெயரை வைத்தார் என்பது அக்குடும்பத்தினர் தரும் விளக்கம். வீட்டு நாயின் பெயரிலிருந்து வந்தது என்ற கதையும் உலவுகிறது. நாய் பிற்பாடுதான் வந்தது என்று குடும்பத்தினர் மறுத்துள்ளனர். 2022இல் வாஷிங்டன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது. பெரியவர், சிறியவர், ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் சேர்ந்து ஆடவே இது உருவானது என்பதை இங்கு கவனத்தில் கொள்வோம்.

விதிகள் சுருக்கமாக

பெரும்பாலும் இருவர் இருவராக ஆடுவார்கள். பந்தைக் கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழே அடித்து, எதிர்ப்புறம் குறுக்காக உள்ள கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பந்தைக் கையிலிருந்து கீழே விழவிட்டு, தரையில் பட்டு எழும்பிய பிறகு அடிக்கவும் விதி இடம் தருகிறது. புதியவர்களுக்கு இதுவே எளிது.

தரம் வேறுபட்டவர்களைச் சேர்த்து வைக்க உதவும் விதிகள் இரண்டு.

முதலாவது, இரு துள்ளல் விதி. சர்வீஸ் பந்தைப் பெறுபவர் அது தரையில் ஒரு முறை பட்ட பிறகே அடிக்க வேண்டும். அவர் திருப்பி அனுப்பும் பந்தையும் சர்வீஸ் போட்ட அணி ஒரு முறை தரையில் பட விட்டே அடிக்க வேண்டும். இதனால் சர்வீஸ் போட்டவுடன் வலையருகே ஓடி வந்து புள்ளியை முடித்துவிட முடியாது.

இரண்டாவது, 'கிச்சன்' என்று அழைக்கப்படும் பகுதி. வலையின் இருபுறமும் 7 அடி வரை உள்ள இந்த இடத்தில் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் அதற்குள் கால் வைத்தாலும் தவறுதான். உயரமானவர் வலைமேல் நின்று ஓங்கி அடிப்பதை இது தடுக்கிறது. பந்தை மெல்லத் தட்டி எதிரணியின் கிச்சனுக்குள் விழவைக்கும் 'டிங்க்' என்ற அடிக்கு இதனால்தான் மதிப்பு. பல ஆண்டுகள் ஆடிய பெரியவர் ஒருவர், வேகமும் பலமும் உள்ள இளைஞரை வெல்வது இந்த அடியால்தான்.

வழக்கமான முறையில் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 11 புள்ளிகள் எடுத்து, 2 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி வெல்லும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: தம் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, அணியில் தாம் முதலாவதாக சர்வீஸ் போடுபவரா இரண்டாவதாகப் போடுபவரா என்பது. ஆட்டம் தொடங்கும்போது மட்டும் '0-0-2' என்று சொல்வார்கள். முதல் முறை சர்வீஸ் போடும் அணியில் ஒருவருக்கு மட்டுமே வாய்ப்பு உண்டு என்பதே காரணம்.

சக்கர நாற்காலியில் ஆடுபவருக்கு, பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் அடிக்க அனுமதி உண்டு. நின்று ஆடுபவரும் அவரும் ஒரே ஆட்டத்தில் பங்கேற்கலாம்.

ஷட்டில் கோர்ட்டிலேயே ஆடலாம்

பிக்கிள்பால் கோர்ட்டின் அளவு 44 அடி நீளம், 20 அடி அகலம். இரட்டையர் ஷட்டில் கோர்ட்டின் அளவும் இதுவே. ஆகவே ஷட்டில் கோர்ட் உள்ள ஊரில் புதிதாகத் தளம் போட வேண்டியதில்லை. மாற்ற வேண்டியவை இரண்டு. வலை, ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் உயரம் இருக்க வேண்டும். ஷட்டில் வலையோ ஐந்து அடி உயரம். எனவே தனி வலை தேவைப்படும். அடுத்து, ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கும்; கிச்சன் கோடு 7 அடியில் வர வேண்டும். டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம்.

உள்ளரங்கில் பெரும்பாலும் 26 துளைகள் உள்ள பந்தும், திறந்தவெளியில் 40 துளைகள் உள்ள கெட்டியான பந்தும் பயன்படுத்துவர். கெட்டியான மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும் ஓசை தொலைவு வரை கேட்கும். அமெரிக்காவில் பல ஊர்களில் இந்த ஓசையால் அக்கம்பக்கத்தினருடன் தகராறு எழுந்து வழக்கு வரை போயிருக்கிறது. வீடுகளை ஒட்டிய இடத்தைத் தவிர்ப்பதும், ஆடும் நேரத்தை அண்டை வீட்டாரிடம் பேசி முடிவு செய்வதும் நல்லது.

யார் எந்தத் தரம்?

அமெரிக்காவில் ஆட்டக்காரர்களின் தரத்தை எண்களால் குறிக்கிறார்கள். பந்தைத் தொடர்ந்து திருப்பி அனுப்பப் பழகுபவர் 2.0 முதல் 2.5 வரை, விதிகள் தெரிந்து நடுத்தர வேகத்தில் ஆடுபவர் 3.0, மென்மையாகவும் வேகமாகவும் மாற்றி மாற்றி ஆடத் தெரிந்தவர் 4.0, போட்டிகளில் வெல்பவர் 5.0, அதற்கும் மேல். 'டூப்பர்' என்ற மற்றொரு முறை, ஆட்ட முடிவுகளைக் கொண்டு 2 முதல் 8 வரை மதிப்பிடுகிறது.

ஊர் அளவில் இந்த எண்கள் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. 'புதியவர்', 'ஆடிப் பழகியவர்', 'தேர்ந்தவர்' என மூன்று பிரிவுகள் போதும். மட்டையின் பிடியில் மூன்று நிற ரப்பர் பட்டைகளில் ஒன்றை மாட்டிக்கொண்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிராது. பிரிவை அவரவரே தேர்ந்துகொள்வதும், மாதம் ஒரு முறை பொறுப்பாளர் பேசிச் சரிசெய்வதும் மனக்கசப்பைக் குறைக்கும்.

சுழற்சி முறைகள்

காத்திருப்போர் எண்ணிக்கையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மட்டை வரிசை: வருபவர்கள் தம் மட்டையை வரிசையில் வைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியேற, வரிசையில் முதல் நான்கு மட்டைக்காரர்கள் உள்ளே போவார்கள். கூட்டம் அதிகமாக உள்ள நாளுக்கு இதுவே நியாயமானது. ஒரு கோர்ட்டுக்கு 12 பேர் இருந்தால் ஒருவர் இரண்டு ஆட்டங்கள் காத்திருக்க வேண்டும். அப்போது 11க்குப் பதிலாக 7 புள்ளியில் முடித்துக்கொள்ளலாம்.

வென்றவர் பிரிதல்: வென்ற இருவர் கோர்ட்டிலேயே இருப்பார்கள், ஆனால் எதிரெதிர் அணிக்குப் பிரிந்துவிடுவார்கள். வரிசையிலிருந்து புதிதாக வரும் இருவர் ஆளுக்கொருவராக அவர்களுடன் சேர்வார்கள். காத்திருப்போர் குறைவாக இருக்கும் நாளுக்கு ஏற்றது. ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களுக்கு மேல் தங்கக் கூடாது என்ற வரம்பு அவசியம்.

மேலும் கீழும்: மூன்று நான்கு கோர்ட்டுகள் இருந்தால், வென்றவர்கள் ஒரு கோர்ட் மேலேயும் தோற்றவர்கள் ஒரு கோர்ட் கீழேயும் நகர்வார்கள். சில ஆட்டங்களுக்குள் ஒத்த தரத்தினர் தாமாகவே ஒரே கோர்ட்டில் சேர்ந்துவிடுவார்கள். யாரையும் 'நீ இந்தப் பக்கம் போ' என்று சொல்ல வேண்டியதில்லை.

அட்டவணை: எல்லோரும் எல்லோருடனும் கூட்டு சேரும்படி முன்கூட்டியே எழுதி வைப்பது. நால்வருக்கு மூன்று ஆட்டங்கள்: 1-2 எதிர் 3-4, 1-3 எதிர் 2-4, 1-4 எதிர் 2-3. ஐவருக்கு ஐந்து ஆட்டங்கள்:

முதல் ஆட்டம்: 2-5 எதிர் 3-4 (1 ஓய்வு)
இரண்டாவது: 1-3 எதிர் 4-5 (2 ஓய்வு)
மூன்றாவது: 2-4 எதிர் 1-5 (3 ஓய்வு)
நான்காவது: 3-5 எதிர் 1-2 (4 ஓய்வு)
ஐந்தாவது: 1-4 எதிர் 2-3 (5 ஓய்வு)

இதில் ஒவ்வொருவரும் மற்ற நால்வருடனும் ஒரு முறை கூட்டு சேர்வார்; ஒவ்வொருவரையும் இரண்டு முறை எதிர்த்து ஆடுவார். வெற்றி தோல்வியைத் தனித்தனி ஆளுக்குக் கணக்கிடலாம். இன்னாரோடு ஆட மாட்டேன் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பலத்தைச் சமன் செய்வது

நால்வரில் தரம் மிகவும் வேறுபட்டால், மிகத் தேர்ந்தவரையும் மிகப் புதியவரையும் ஓரணியில் சேர்த்து, நடுத்தரமான இருவரை எதிரே நிறுத்துவது பழைய உத்தி. ஆனால் எதிரணி எல்லாப் பந்தையும் புதியவருக்கே அனுப்பினால் அவருக்கு அது தண்டனையாகிவிடும். நட்பு ஆட்டத்தில் பந்தை இருவருக்கும் பகிர்ந்து அனுப்புவது மரியாதை. அதேபோல, புதியவருக்கு வரும் பந்தைக் குறுக்கே பாய்ந்து தாமே அடிக்கும் கூட்டாளி, உதவி செய்வதாக நினைத்து அவர் கற்கும் வாய்ப்பைப் பறிக்கிறார்.

பலம் குறைந்த அணிக்கு 3 அல்லது 4 புள்ளிகள் முன்னதாகக் கொடுத்துத் தொடங்கலாம். தேர்ந்தவர்கள் 'இன்று ஓங்கி அடிப்பதில்லை, டிங்க் மட்டுமே' என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். அது அவர்களுக்கும் நல்ல பயிற்சி.

எல்லா நேரமும் எல்லோரும் கலந்துதான் ஆட வேண்டும் என்பதில்லை. இரண்டு மணி நேரம் கிடைத்தால், முதல் அரை மணி புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, அடுத்த ஒரு மணி கலந்து ஆட, கடைசி அரை மணி தேர்ந்தவர்களுக்கு என்று பிரிக்கலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் இடங்களிலும் இதே பிரிவினை பொருந்தும். அங்கும் பல தரத்தினர் இருக்கத்தான் செய்வார்கள்.

கோட்டுத் தீர்ப்பும் நாவடக்கமும்

நடுவர் இல்லாத ஆட்டத்தில், தம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை அந்தந்த அணியே சொல்ல வேண்டும். உறுதியாகத் தெரியவில்லை என்றால் பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். ஐயத்தின் பலன் எதிரணிக்கே. இது நல்லெண்ணத்துக்காகச் சொல்வதல்ல, ஆட்ட விதியே இதுதான். விதி தெரியாத புதியவரிடம் இந்த நேர்மையைக் காட்டுவது இன்னும் முக்கியம்.

கேட்காமல் ஆலோசனை சொல்வதும் பலரை விரட்டிவிடுகிறது. ஆட்டத்தின் நடுவே திருத்த வேண்டாம்; முடிந்த பிறகு ஒரே ஒரு குறிப்புச் சொன்னால் போதும்.

காயம் தவிர்க்க

கோர்ட் சிறியது என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வயதானவர்கள் அதிகம் விழுவது, தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடும்போதுதான். உடலைத் திருப்பி ஓட வேண்டும், இல்லையென்றால் பந்தை விட்டுவிட வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான ஷூ பக்கவாட்டு அசைவுக்கு ஏற்றதல்ல. கோர்ட் ஷூ அணிவது நல்லது. வலையருகே பந்து கண்ணில் படக்கூடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. பக்கத்துக் கோர்ட்டிலிருந்து பந்து உருண்டு வந்தால் 'பால்!' என்று உரக்கக் கூவி ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். தொடங்குமுன் ஐந்து பத்து நிமிடம் உடலைத் தயார்ப்படுத்துங்கள். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவது நலம்.

முதல் நாளே முடிவு செய்யுங்கள்

குழு தொடங்க விரும்புவோருக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். வலையும் பந்தும் வாங்குவதற்கு முன் ஐந்து விஷயங்களை ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள்: எத்தனை புள்ளிக்கு ஆட்டம், வென்றவர் தங்கலாமா, வரிசை எப்படி, புதியவர்களுக்கான நேரம் எது, அன்றைய பொறுப்பாளர் யார். பிரச்சினை வந்த பிறகு விதி போட்டால், அது யாரோ ஒருவரைக் குறிவைத்துப் போட்டதாகவே தோன்றும். முன்கூட்டியே எழுதியிருந்தால் பலகையைக் காட்டினால் போதும். யார் முகமும் வாடாது.

குழு நன்றாக நடக்கிறதா என்று அறிய, முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவது வாரமும் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் ஆட்டக்காரர்களைக் குறை சொல்வதற்கு முன் சுழற்சி முறையை மாற்றிப் பாருங்கள்.