யவனர் தேறலும் கலத்தல் மரபும்



சங்க இலக்கியத்தில் பழகியவர்களுக்கு யவனர் என்னும் பெயர் புதியதன்று. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய புறநானூற்றுப் பாடல் ஒன்றில், யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, மன்னன் மகிழ்ந்து வாழவேண்டும் என்று புலவர் கூறுகிறார். அது வெறும் கற்பனையன்று என்பதற்கு மண்ணே சான்று தந்தது. 1945ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மது ஏற்றிவந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அங்குக் கிடைத்த சாடிகளுள் கிரேக்கரின் கோஸ் தீவுப் பாணியில் அமைந்தவையும் உண்டு. யவனர் என்னும் சொல் பின்னாளில் உரோமரையும் மேற்கிலிருந்து வந்த பிறரையும் குறித்தது. ஆயினும், அது முதலில் எழுந்தது கிரேக்கரைக் குறிப்பதற்கே.

அந்த மதுவை யவனர் தம் சொந்த நாட்டில் எவ்வாறு அருந்தினார்கள்? பின்வந்த நூற்றாண்டுகளில் அவர்களுடைய பானங்களும் பழக்கங்களும் எவ்வாறு மாறின? இவற்றையே இன்று காண இருக்கிறோம். மதுவின் புகழ் பாடுவது நம் நோக்கமன்று. குடியினால் சீரழிந்த குடும்பங்களை நாம் அறியாதவர்கள் அல்லோம். ஆனால், ஒரு மக்களினம் மதுவை வீட்டுக்குள் விட்டபோது அதற்கு எத்தகைய கடிவாளத்தை இட்டு வைத்தது என்பது வரலாறு நமக்குக் கூறும் பாடங்களுள் ஒன்று.

பண்டைக் கிரேக்கர் மதுவைத் தனியே அருந்துவதில்லை. இதற்கு இரண்டு பொருள் உண்டு. குடிப்பவன் தனியே இருந்து குடிப்பது சிறப்பாகக் கருதப்படவில்லை. மதுவும் நீர் கலவாமல் தனியே ஊற்றப்படவில்லை. ஏதென்ஸ் நகரில், உணவு முடிந்தபின் ஆடவர் ஓர் அறையில் கூடிச் சாய்மஞ்சங்களில் அமர்ந்து, பேசியும் பாடியும் மது அருந்துவர். அந்தக் கூட்டத்திற்குச் 'சிம்போசியோன்' என்று பெயர். கூடி அருந்துதல் என்பது அதன் பொருள். கருத்தரங்கை இன்று 'சிம்போசியம்' என்கிறார்களே, அந்தச் சொல் பிறந்த இடம் இதுதான். பிளேட்டோ இதே பெயரில் எழுதிய உரையாடல் நூலும் இத்தகைய கூட்டம் ஒன்றில் நடப்பதாகவே அமைந்துள்ளது.

அவையின் நடுவே 'கிராத்தேர்' எனப்படும் அகன்ற வாயுடைய பெருங்கலம் ஒன்று இருக்கும். மதுவையும் நீரையும் அதில் ஊற்றிக் கலப்பார்கள். எத்தனை பங்கு நீர், எத்தனை பங்கு மது என்பதை முடிவு செய்யக் கூட்டத்தில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு மது என்பது ஹெசியட் என்னும் பழம்புலவர் தம் உழவர் நூலில் கூறிய அளவு. தெய்வங்களுக்கெனச் சில துளிகளைச் சிந்திய பிறகே கிண்ணங்கள் கைமாறத் தொடங்கும்.

நீர் கலவாத மதுவைக் குடிப்பது நாகரிகமற்றவர் செயல் என்பது அவர்களுடைய துணிபு. ஸ்பார்ட்டாவின் மன்னன் கிளியோமெனஸ் பித்துப் பிடித்து இறந்தான். அதற்கு ஸ்பார்ட்டா மக்கள் கூறிய காரணத்தை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்து வைத்திருக்கிறார். வடக்கேயிருந்து தூது வந்த சித்தியரோடு பழகி, நீர் கலவாமல் குடிக்கக் கற்றுக்கொண்டதே மன்னனுக்குக் கேடாயிற்றாம். அதன்பின், கடுமையான மது வேண்டுவோர் 'சித்தியர் முறைப்படி ஊற்று' என்று சொல்வது அங்கு வழக்காயிற்று.

இவற்றைக் கேட்டு, அக்காலக் கிரேக்கர் அனைவரும் அளவறிந்து வாழ்ந்தவர்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது. கூட்டம் எல்லை மீறித் தெருவிலே ஆடிப்பாடிச் சென்றதையும், குடித்தவன் தள்ளாடி வாந்தியெடுப்பதையும் அவர்களுடைய மட்பாண்ட ஓவியங்களே காட்டுகின்றன. இல்லறப் பெண்டிருக்கு அந்த அவையில் இடமில்லை. மதுவைக் கலந்து பரிமாறியவர்கள் அடிமைகள். எனினும், அளவு என்பது தனி மனிதனின் மனவுறுதிக்கு விடப்படாமல் கூட்டத்தின் பொறுப்பாக்கப்பட்டது என்பதை நாம் மறுக்க முடியாது.

இனி, ஒரு சொல்லின் கதையைக் கேளுங்கள். பழைய கிரேக்கத்தில் மதுவுக்கு 'ஒய்னோஸ்' என்று பெயர். இன்று கிரேக்க நாட்டுச் சிற்றூர் உணவகத்தில் அச்சொல்லை எவரும் வழங்கக் காணோம். 'கிராசி' என்றுதான் கேட்பார்கள். 'கிராசிஸ்' என்றால் கலத்தல். கலந்தது என்னும் சொல்லே நாளடைவில் மதுவின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று அவர்கள் திராட்சை மதுவில் நீர் கலப்பதில்லை. பழக்கம் மறைந்தது, பெயர் மறையவில்லை. இன்னொன்றும் உண்டு. நண்பருக்கு ஒருவர் தம் செலவில் பானம் வாங்கித் தருவதைக் 'கேரஸ்மா' என்பார்கள். அதுவும் கலத்தல் என்னும் அதே வேரிலிருந்து வந்ததே. அன்று பெருங்கலத்தில் கலந்து ஊற்றியதே இன்று உபசரிப்பாக உருமாறி நிற்கிறது.

பழமையின் சுவையை நாவிலேயே காட்டும் பானமும் ஒன்றுண்டு. மதுச் சாடிகள் கசியாமலும் உள்ளே காற்றுப் புகாமலும் இருக்க, முன்னோர் பைன் மரப் பிசினைப் பூசினார்கள். பிசினின் மணம் மதுவிலும் ஏறியது. பின்னர் மரப்பீப்பாய்களும் கண்ணாடிப் புட்டிகளும் வந்து பிசினுக்குத் தேவையில்லாமற் போயிற்று. ஆனால், மக்களின் நா அந்தச் சுவையை விடவில்லை. வேண்டுமென்றே பிசின் சேர்த்து இன்றும் செய்யப்படும் அந்த மதுவே 'ரெட்சினா'. ஏதென்ஸைச் சூழ்ந்த அத்திக்கா வட்டாரம் இதற்குப் பேர்போனது.

இதுவரை கூறியது புளிக்கவைத்த மது. வாலையில் காய்ச்சி வடிக்கும் சாராயம் கிரேக்கரிடையே பிற்காலத்தில் வந்தது. வாலையைக் குறிக்கும் 'ஆம்பிக்ஸ்' என்னும் கிரேக்கச் சொல் அரபு மொழிக்குச் சென்று 'அல்-அன்பிக்' ஆகி, ஐரோப்பாவுக்கு 'அலெம்பிக்' எனத் திரும்பி வந்தது. அதேபோல், வியர்வையைக் குறிக்கும் 'அரக்' என்னும் அரபுச் சொல், வாலையில் துளித்துளியாக வடிவதற்குப் பெயராகி, துருக்கியர் வழியே கிரேக்கரிடம் 'ராக்கி' ஆயிற்று. கிழக்கே அதுவே மலாய் மொழியில் நாம் நாள்தோறும் கேட்கும் 'அராக்' ஆயிற்று. கப்பல்களும் வணிகர்களும் சரக்கை மட்டுமா சுமந்து சென்றார்கள்!

திராட்சையைப் பிழிந்து மதுவுக்குச் சாறு எடுத்தபின் எஞ்சும் தோலும் விதையுமாகிய சக்கையைக் கிரேக்க உழவன் எறிந்துவிடுவதில்லை. அதைப் புளிக்கவைத்து வடித்தால் கிடைப்பது தெசாலி, மாசிடோனியா முதலிய பகுதிகளில் 'சிப்புரோ'. கிரீட் தீவில் 'சிக்குடியா' அல்லது ராக்கி. ஆதோஸ் மலைத் துறவிகளே 14ஆம் நூற்றாண்டில் இதனை முதலில் வடித்தனர் என்பது வழிவழி வரும் செய்தி.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிரீட் தீவின் சிற்றூர்களில் 'கசானி' என்னும் செப்புக் கொப்பரைகள் அடுப்பேறும். சக்கையை இட்டு, மூடியின் விளிம்பை மாவினால் அடைத்து, விறகுத் தீயை மட்டாக எரியவிடுவார்கள். தீ மிகுந்தால் சக்கை தீய்ந்து சரக்குக் கெடும். ஆகவே, அனுபவம் மிக்க ஒருவர் இரவு பகலாக அருகிலேயே இருப்பார். முதலில் வடிவது மிகக் கடுமையானது; அதைத் தனியே ஒதுக்குவார்கள். பின்னர் வடிவதே அருந்தத் தக்கது. வாலை எரியும் நாளில் அண்டை அயலார் அழையாமலே வருவர். தணலில் உருளைக்கிழங்கு வேகும், இறைச்சி வாடும், மாதுளை உரிக்கப்படும், பாட்டும் தொடங்கும். ஓர் ஆண்டுக்கான சரக்கு வடிவதோடு, ஓர் ஆண்டுக்கான மனக்கசப்பும் அங்கே தீர்வதுண்டு.

அடுத்து, கிரேக்கர் என்றதும் உலகம் நினைக்கும் 'ஊசோ'வுக்கு வருவோம். சோம்பின் மணம் ஏற்றி வடிக்கப்படும் இப்பானம், 19ஆம் நூற்றாண்டில், கிரேக்கர் துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு பெருகியது. லெஸ்போஸ் தீவின் புளோமாரி என்னும் ஊரும், தெசாலியிலுள்ள தீர்னவோஸ் நகரும் இதற்குப் புகழ்பெற்றவை. ஊசோ பளிங்குபோல் தெளிந்திருக்கும். நீரை ஊற்றியதும் பால்போல் வெளுத்துவிடும். மாயமொன்றுமில்லை. சோம்பிலுள்ள 'அனித்தோல்' என்னும் எண்ணெய்ப் பொருள் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. நீர் மிகும்போது அது நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால் வெண்மை தோன்றுகிறது. மதுவில் நீர் கலந்த முன்னோரின் பழக்கம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு கிண்ணத்தில் மீண்டும் வந்து அமர்ந்தாற்போல் இல்லையா! 1989ஆம் ஆண்டு ஐரோப்பியச் சமூகச் சட்டம், ஊசோ என்னும் பெயர் கிரேக்க நாட்டில் செய்யப்படுவதற்கே உரியது என்று வரையறுத்தது. பின்னர் சைப்ரசும் அவ்வுரிமையில் பங்கு பெற்றது.

இந்தக் கிண்ணத்தோடு ஒரு கண்ணீர்க் கதையும் கலந்திருக்கிறது. 1922ஆம் ஆண்டில் சின்ன ஆசியாவில் கிரேக்கப் படை தோற்றது. ஸ்மிர்னா நகரம் தீயில் வெந்தது. 1923இல் லோசான் உடன்படிக்கையின்படி இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கிரேக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு அகதிகளாக வந்தார்கள். அதேபோல் இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் கிரேக்க மண்ணை விட்டுத் துருக்கி செல்ல நேர்ந்தது. வோலோஸ் துறைமுகத்தை அடைந்த அகதிகள், நகரை ஒட்டி நேயா இயோனியா என்னும் குடியிருப்பை அமைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் மீன்பிடித்தும் களைத்தவர்கள், மாலையில் சிறு கடைகளில் கூடினார்கள். விலைபோகாத சிறுமீனும் சிப்பியும் அவர்களுக்குத் தொடுகறியாயின. அக்கடைகளில் பிறந்த வழக்கம் இன்றும் நிலைத்துள்ளது. ஒரு சிறு புட்டி சிப்புரோ கேட்டால், கேளாமலே ஒரு சிறு தட்டில் தொடுகறி வரும். அடுத்த புட்டிக்கு அடுத்த வகைக் கறி. தொடுகறிக்கு 'மெசே' என்று பெயர். 'சோம்புடனா, சோம்பின்றியா?' என்பது கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி. வெறும் வயிற்றில் எவரும் குடிக்கலாகாது என்பது எழுதப்படாத சட்டம்.

ஏனைய பானங்களைச் சுருக்கமாகக் காண்போம். கியோஸ் தீவின் தென்பகுதியில் மாஸ்திகா மரங்களின் பட்டையைக் கீறினால் பிசின் துளித்துளியாய் வடியும். அதன் மணமேற்றிய இனிய பானம் உணவுக்குப் பின் அருந்தப்படுவது. அந்த மரத்தை வளர்த்துப் பிசின் எடுக்கும் அறிவை 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நக்சோஸ் தீவில் நாரத்தை இனத்து மரத்தின் இலைகளை வடித்துக் 'கித்ரோன்' செய்கிறார்கள். பட்ராஸ் நகரத்தின் 'தெந்தூரா'வில் நாம் நன்கறிந்த இலவங்கமும் பட்டையும் மணக்கின்றன. குளிர்காலத்தில் ராக்கியில் தேன் கலந்து சூடாக்கிய 'ராக்கோமெலோ' தொண்டைக்கு இதமென்பர்.

கிரேக்கர் மேசையில் ஒருவர் தம் கிண்ணத்தைத் தாமே நிரப்பிக்கொள்வதைவிட, அடுத்தவர் கிண்ணத்தை நிரப்புவதே பண்பு. 'யா மாஸ்' என்று கிண்ணம் உயர்த்துவார்கள். 'நம் நலத்திற்கு' என்பது பொருள். மகிழ்ச்சிக்கு மட்டுமன்று, இறந்தவரை அடக்கம் செய்து திரும்பியோருக்குக் காப்பியோடு ஒரு சிறு கிண்ணம் பிராந்தியும் ரஸ்க்கும் கொடுத்துத் துயரத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இந்த மரபுக்கு அண்மையில் ஒரு சோதனை வந்தது. இரண்டு நாள்களுக்கு மட்டும் வாலை எரிக்கும் உரிமையும் மிகக் குறைந்த வரியும் சிற்றூர் உழவர்களுக்கு நெடுங்காலமாக இருந்தன. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம், சிப்புரோவுக்கும் சிக்குடியாவுக்கும் இவ்வாறு வரிச்சலுகை தருவது பொதுவிதிக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. மற்ற நாட்டுச் சாராயங்கள் முழு வரி செலுத்தும்போது இவற்றுக்கு மட்டும் சலுகை ஏன் என்பது ஒரு தரப்பின் நியாயம். சலுகை விலையில் பெருமளவில் விற்பவர்களும் இருந்தார்கள் என்பதால் அந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இது வாணிகமன்று, ஊர் கூடும் திருநாள் என்பது உழவர் தரப்பின் நியாயம். விலை மதிப்புள்ளதைச் சட்டம் அளக்கும். விலையற்றதை எந்தப் படியால் அளப்பது?

நேயர்களே, கோஸ் தீவின் சாடி அரிக்கமேட்டில் உடைந்து கிடந்தது. அதில் வந்த மது எப்போதோ வற்றிவிட்டது. ஆனால், பிறரோடு கலந்து, உணவோடு கலந்து, நீரோடு கலந்து அளவாக அருந்தவேண்டும் என்னும் எண்ணம் ஒரு சொல்லுக்குள் பதுங்கி இத்தனை நூற்றாண்டுகளையும் கடந்து வந்திருக்கிறது. அந்தக் கடிவாளம் கழன்ற இடத்தில், எந்நாட்டிலும், மது மனிதனை ஓட்டிச் செல்கிறது. கிளியோமெனஸ் மன்னனின் கதையை ஸ்பார்ட்டா மக்கள் தம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லி வைத்தார்கள் என்பது இப்போது நமக்கும் விளங்குகிறது.