மருதனார்மடத்துக்கு வந்த ஆங்கில ஆசிரியை

சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றால் சிறிது தூரத்தில் மருதனார்மடம் வரும். அங்குள்ள இராமநாதன் கல்லூரியை 1913இல் பெண்பிள்ளைகளுக்காக நிறுவியவர் பொன்னம்பலம் இராமநாதன். (இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி 1888இல் அவர் எழுதிய கட்டுரையையும், அதற்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பையும் நம் வாசகர்கள் அறிவர். அந்த வழக்கை இங்கு எடுக்கவில்லை.) கல்லூரியின் முதல் அதிபர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி என்பது எங்கள் ஊரில் பலருக்கும் புதுச்செய்தி.

புளோரன்ஸ் ஃபார் எமரி 1860இல் பிறந்தவர்; மேடை நடிகை; பேர்னாட் ஷாவுக்கும் கவிஞர் யேற்ஸுக்கும் நெருங்கிய நண்பர். 1894இல் இருவரின் நாடகங்களையும் இலண்டனில் மேடையேற்றியவர். குயின்ஸ் கல்லூரியில் படித்தார், கொஞ்சக்காலம் கற்பித்தார், அதை விட்டு அரங்குக்குப் போனார். பட்டதாரி அல்லர். 1912இல், ஐம்பத்திரண்டு வயதில், இலங்கைக்குக் கப்பலேறினார். இன்றைய விண்ணப்பப் படிவம் ஒன்றை அவர் நிரப்புவதாயின், தகைமை என்ற கட்டத்தில் இலண்டன் உச்சரிப்பு என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஆனாலும் வந்த இடத்தை மதித்தார். தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றார். புற்றுநோய் கண்டு 1917 ஏப்ரலில் கொழும்பில் இறந்தார். பின்னர் யேற்ஸ் தம் கவிதையொன்றில் அவரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அக்கவிதையில் மருதனார்மடத்துப் பிள்ளைகளுக்குப் பெயருமில்லை, ஊருமில்லை. தோலின் நிறம் மட்டுமே உண்டு.

பக்கத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய பெண்கள் பாடசாலைக்கு 1840இல் நியூயோர்க்கிலிருந்து வந்தவர் எலைசா அக்னியூ. 1879 வரை அதை நடத்தி, ஊர் திரும்பாமலே 1883இல் இங்கேயே மறைந்தார். அர்ப்பணிப்பில் அவருக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியாது. ஆனால் அவரைப் பராமரித்தது பொஸ்டனிலிருந்த மிஷன் சபை. அதே மிஷனில் கற்பித்த தமிழ் உபாத்திமாருக்குச் சம்பளம் உள்ளூர் அளவில்தான்.

பிற்காலத்தில் கப்பலுக்குப் பதில் விமானம், திசையும் மாறியது. 1960களின் தொடக்கத்தில் மாலைதீவு அரசு ஆங்கிலமொழிக் கல்வியை ஆரம்பித்தபோது இலங்கை ஆசிரியர்கள் மாலேக்கு அழைக்கப்பட்டனர். 1970களில் எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியாவின் அரசுப் பாடசாலைகளுக்கு யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் போனார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்ப அனுமதி இருந்தது; அந்தப் பணத்தில் எழுந்த கல்வீடுகளும் இருக்கின்றன. 1986க்குப் பின் நைராவின் மதிப்பு சரிய, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை மாறாமலே சம்பளம் கரைந்தது.

இன்று அரசுப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுப்பதில் பெயர்பெற்றவை யப்பானும் தென்கொரியாவும். 1987இல் தொடங்கிய யப்பானியத் திட்டத்தில் எந்தத் துறைப் பட்டமும் போதும், ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. முதல் வருட ஊதியம் 2025இலிருந்து 40.2 இலட்சம் யென். 1995இல் தொடங்கிய கொரியத் திட்டம் வீடும் தருகிறது. அதற்கு அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுகளுள் ஒன்று வேண்டும். பட்டத்தோடு ஒரு குறுகியகாலச் சான்றிதழ் இருந்தால் வழி திறக்கும். 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கையால் இந்தியருக்கும் இடம் உண்டு. ஆனால் அவரிடம் ஆசிரிய அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள். பயிற்சி என்பது பிறப்பில் உள்ள குறைக்குக் கட்டும் தண்டமாகிவிட்டது. இலங்கையருக்கு அந்தத் தண்டத்தைக் கட்டும் வாய்ப்பும் இல்லை.

ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பாடத்திட்டமும் உளவியலும் கற்று, பரிசோதகர் பின்வாங்கில் அமர்ந்திருக்கப் பாடம் நடத்திக் காட்டி வந்தவன் நான். ஆங்கிலத்தைப் பிழையறப் பேசும் சுன்னாகத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அண்மையில் கொரிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நாட்டுரிமைப் பகுதியைத் தாண்டி வாசிக்கத் தேவையிருக்கவில்லை. என்னோடு கலாசாலையில் படித்த இருவர் இப்போது மாலைதீவின் வெளித்தீவுப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது கலாசாலைச் சான்றிதழின் பிரதிதானாம். அந்த விலாசத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தேன்.