சிறுநீர் கோலா கலரில் போகுதா? ஜிம் வாலிபர்களே உஷார்!

திருச்சி, ஸ்ரீரங்கத்தில் 'கிராஸ்பிட்' பாணியில் மூச்சு விடாமல் எடை தூக்கி, குதித்து, பஸ்கி எடுக்கும் வாலிபர்களே உஷார்! தோள்பட்டை, இடுப்பு, முழங்காலில்தான் அதிகம் அடிபடும். அதைவிட ஆபத்தானது 'ராப்டோமயோலிசிஸ்'.

பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் பிழிந்தெடுத்தால் தசைநார் சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து கிட்னியை பாதிக்கும். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2005லேயே இதுபற்றி எழுதியது. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

1 முதல் 3 நாளில் கடும் தசைவலி, வீக்கம் வரும். சிறுநீர் கோலா கலரில் போகும். உடம்பு வலிதானே என்று மாத்திரை போட்டு படுத்துடக் கூடாது. சில வலி மாத்திரைகள் கிட்னியை மேலும் கெடுக்கும்.

உடனே புத்தூர் அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் டிரிப்ஸ் ஏற்றியே சரி செய்யலாம். முற்றினால் டயாலிசிஸ்தான்!

புதுசா சேர்ந்தவங்க, லீவு விட்டு வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்.