காத்திருப்பும் ஒரு கட்டணமே!

சென்னையின் புறநகர்கள் வானை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கின்றன. மேடவாக்கம், முடிச்சூர், மாங்காடு, ஆவடி, கூடுவாஞ்சேரி என எத்திசையில் சென்றாலும், நேற்றுவரை தனி வீடு இருந்த மனையில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகிறது. நகரம் பக்கவாட்டில் பரவி ஏரிகளையும் வயல்களையும் விழுங்குவதைவிட, இருக்கும் நிலத்திலேயே உயர்ந்து வளர்வது விரும்பத்தக்கதே. ஆனால், அந்தக் குடியிருப்புகளின் வாசலில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேருந்துகள் வருகின்றன என்ற எளிய கேள்விக்கு விடை தேடினால், இந்த வளர்ச்சி எவ்வளவு அரைகுறையானது என்பது புலப்படும்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், தளப்பரப்புக் குறியீட்டைக் கணிசமாக உயர்த்தின. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது 2 ஆனது. உயரமான கட்டடங்களுக்கு 2.5-லிருந்து 3.25 ஆனது. அதாவது, 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் 3,600 சதுர அடி கட்ட முடிந்த இடத்தில், இப்போது 4,800 சதுர அடி கட்டலாம். சாலை அகலமாக இருந்தால், கூடுதல் கட்டணம் செலுத்தி இதற்கு மேலும் கட்ட இயலும். வீட்டுப் பற்றாக்குறை நிலவும் மாநகரத்தில் இது சரியான திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடி.

கட்டட அனுமதி கோருபவரிடம் சாலையின் அகலம் கேட்கப்படுகிறது. தீத்தடுப்பு ஏற்பாடு கேட்கப்படுகிறது. மழைநீர் சேகரிப்பும் வாகன நிறுத்துமிடமும் கேட்கப்படுகின்றன. அந்தச் சாலையில் எத்தனை நிமிடங்களுக்கு ஒரு பேருந்து ஓடுகிறது என்பது மட்டும் எந்த நிலையிலும் கேள்வியாவதில்லை. குடியிருப்பை அனுமதிப்பது ஒரு துறை. பேருந்தை இயக்குவது வேறொரு துறை. இரண்டுக்கும் நடுவே, நிறுத்தத்தில் குடைபிடித்து நிற்பவர் பொதுமக்கள்.

போக்குவரத்தின் விலை பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட தொகை மட்டுமன்று என்பது பொருளியலின் பாலபாடம். செலவாகும் நேரமும் விலையின் ஒரு பகுதியே. அதிலும் பேருந்துக்குள் அமர்ந்திருக்கும் பத்து நிமிடங்களைவிட, வருமா வராதா என்று நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிடங்கள் பயணிக்குக் கூடுதல் சுமையாகின்றன. 2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்குப் பேருதவியாக அமைந்த திட்டம் இது. எனினும், கட்டணம் பூஜ்யமான பின்னரும் எஞ்சி நிற்கும் விலை ஒன்று உண்டு, அது காத்திருப்பு. நாற்பது நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இலவசப் பேருந்துக்குக் காத்திருக்க இயலாமல், ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துச் செல்லும் பெண், சலுகையைக் காகிதத்தில் மட்டுமே பெறுகிறார்.

காத்திருப்பின் கணக்கு எளிமையானது. கால அட்டவணை பாராமல் நிறுத்தத்துக்கு வரும் பயணி, சராசரியாகப் பேருந்துகளின் இடைவெளியில் பாதி நேரம் காத்திருக்கிறார். மணிக்கு ஆறு பேருந்துகள் சீரான இடைவெளியில் வந்தால் காத்திருப்பு 5 நிமிடம். அதே ஆறு பேருந்துகள், நெரிசலில் சிக்கி இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால், இடைவெளி 20 நிமிடமாகவும் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடமாகவும் இரட்டிப்பாகிவிடும். நிர்வாகத்தின் பதிவேட்டில் இரண்டு நிலைகளிலும் மணிக்கு ஆறு நடைகள் என்றே இருக்கும். இயக்கப்பட்ட நடைகளை மட்டும் எண்ணினால் போதாது, இடைவெளியையும் அளக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

போக்குவரத்து இல்லாத அடர்த்தி என்ன செய்யும் என்பதைச் சென்னை ஏற்கெனவே கண்டிருக்கிறது. நகரின் நடுவே, ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். இத்தனை மக்கள் ஒரே இடத்தில் வாழும்போது, அது எந்தப் போக்குவரத்துத் திட்டமிடலுக்கும் கனவு போன்ற அடர்த்தி. ஆனால், வீடுகள் முதலில் வந்தன. பேருந்துகள் பிறகு, அதுவும் மெல்ல மெல்லத்தான் வந்தன. வீட்டு வேலைக்குச் சென்றுவந்த பெண்களில் பலர், பழைய வேலைக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியாமல் அதை இழந்தனர். அரசு தந்தது உறுதியான கான்கிரீட் வீடு. அந்த வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழி பறிபோனது.

நடுத்தரக் குடும்பத்தின் நிலை வேறு விதமானது. நகருக்குள் வாங்க இயலாத வீட்டைப் புறநகரில் கடன் பெற்று வாங்குகிறது அக்குடும்பம். பேருந்தை நம்ப முடியாததால் கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, கல்லூரி செல்லும் பிள்ளைக்கு ஒன்று என வாகனங்கள் சேர்கின்றன. வீட்டுக் கடன் தவணையோடு வாகனத் தவணையும் பெட்ரோல் செலவும் சேரும்போது, புறநகரில் மலிவாகக் கிடைத்ததாக எண்ணிய வீடு அவ்வளவு மலிவாக இருப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. கார் உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஏறத்தாழ இருமடங்கு இடம் வேண்டும். அது ஒரு படுக்கையறையைவிடப் பெரிது. அதற்கான செலவு வீட்டின் விலையில்தான் ஏறுகிறது. அடிக்கடி பேருந்து ஓடும் இடத்தில், மனிதர்களுக்குக் கட்ட வேண்டிய பரப்பை வாகனங்களுக்கு ஒதுக்கும் கட்டாயம் குறையும்.

நமது சொந்த வரலாறே இதற்கு நல்ல சான்று. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை ஒட்டியே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்கள் நகரத்தோடு பிணைந்து அடர்ந்தன. இந்த ரயிலை விட்டால் சற்று நேரத்தில் அடுத்த ரயில் என்ற நம்பிக்கைதான், அங்கே வீடு கட்டிக் குடியேறிய எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் தொழிலாளர்களையும் நகரத்தின் வேலைவாய்ப்போடு இணைத்தது.

இதற்கு நேர்மாறானது பழைய மாமல்லபுரம் சாலை. ஆறு வழிச் சாலை வந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வானளாவிய குடியிருப்புகளும் வந்தன. ரயிலோ, போதிய பேருந்துகளோ உடன் வரவில்லை. விளைவாக, நிறுவனங்கள் தமக்கெனத் தனிப் பேருந்துகளை அமர்த்திக்கொண்டன. குடியிருப்பவர்கள் கார் வாங்கினர். ஆறு வழிச் சாலையும் போதாததாயிற்று. 1995-இல் தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில் கற்பிக்கும் பாடம் வேறு. மிகப் பெரிய நிலையங்கள் எழுப்பப்பட்டன. ஆனால், அவற்றை வந்தடையும் இணைப்புப் பேருந்துகளுக்கு அதே முக்கியத்துவம் தரப்படாததால், நீண்ட காலம் அவை வெறிச்சோடிக் கிடந்தன. கட்டுமானம் வேறு, சேவை வேறு.

மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக்கான சேவைத் தர அளவுகோலின்படி, ஆயிரம் பேருக்கு 0.6 பேருந்துகளாவது இருந்தால்தான் அது முதல் தரச் சேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே சென்னைப் பெருநகரத் தொகுப்பின் மக்கள்தொகை 86 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் பழைய எண்ணிக்கைக்கே 5,000-க்கும் அதிகமான பேருந்துகள் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம் பல்லாண்டுகளாக மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகளுடனேயே காலம் கடத்திவந்துள்ளது. அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ அதே மக்கள்தொகை கொண்டிருந்த பெங்களூரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் உள்ளன.

பயணிகள் பெருகட்டும், பிறகு பேருந்துகளைக் கூட்டலாம் என்பது நிர்வாகத்தின் வழக்கமான வாதம். பேருந்து வந்தால்தானே பயணிகள் வருவார்கள் என்பது மக்களின் பதில். ஹெர்பெர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1972-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தச் சிக்கலை விளக்குகிறது. சாலையில் ஒரு கார் கூடினால் மற்ற அனைவரின் பயணமும் தாமதமாகிறது. பேருந்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. பயணிகள் கூடக் கூட நடைகளைக் கூட்டலாம். நடைகள் கூடினால் ஏற்கெனவே பயணம் செய்பவர்களின் காத்திருப்பும் குறைகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு பயணியும் பழைய பயணிகளுக்கு நன்மை செய்கிறார். அந்த நன்மை பயணச்சீட்டு வருவாயில் பதிவாவதில்லை. ஆகவே, வருவாயை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நிறுவனம், சமுதாயத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே பேருந்துகளை இயக்கும். அரசு மானியம் அளிப்பதற்கான பொருளியல் நியாயம் இங்கேதான் பிறக்கிறது. இதையே புறநகருக்குப் பொருத்தினால், அடர்த்தியான குடியிருப்பும் அடிக்கடி ஓடும் பேருந்தும் ஒன்றையொன்று வாழவைப்பவை என்பது விளங்கும்.

போக்குவரத்துக் கழகங்கள் ஏற்கெனவே நட்டத்தில் இயங்கும்போது மேலும் செலவா என்ற கேள்வி எழலாம். நட்டம் உண்மைதான். ஆனால், கழகத்தின் கணக்கேட்டில் காணப்படும் நட்டத்தைக் குறைப்பதற்காக நடைகளை வெட்டும்போது, அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. லட்சக்கணக்கான குடும்பங்களின் பெட்ரோல் செலவாகவும், சாலை நெரிசலாகவும், விபத்தாகவும், வேலைக்குச் செல்ல இயலாமல் வீட்டோடு நின்றுவிட்ட பெண்ணின் ஊதிய இழப்பாகவும் அது இடம்பெயர்கிறது.

எல்லாவற்றுக்கும் புதிய பேருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தடத்தில் சென்று திரும்ப 120 நிமிடங்கள் ஆகிறது என்றும், அதில் 12 பேருந்துகள் ஓடுகின்றன என்றும் கொள்வோம். பத்து நிமிடங்களுக்கு ஒரு பேருந்து கிடைக்கும். நெரிசலால் பயணம் 150 நிமிடங்களாக நீண்டால், அதே இடைவெளியைக் காக்க 15 பேருந்துகள் தேவை. மாறாக, பேருந்துகளுக்குத் தனித்தடமும் சந்திப்புகளில் முன்னுரிமையும் அளித்துப் பயணத்தை 90 நிமிடங்களாகக் குறைத்தால், அதே 12 பேருந்துகள் ஏழரை நிமிடங்களுக்கு ஒன்றாக வந்து நிற்கும். சாலையோரம் வண்ணம் தீட்டிய ஒரு கோடும், அதை மீறுவோர் மீது உறுதியான நடவடிக்கையும், புதிய பேருந்துகளுக்குச் சமமான பயனைத் தரக்கூடும்.

இந்தியாவுக்கு வெளியே, தமிழ் மக்கள் நன்கறிந்த சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கு வீட்டுவசதி வாரியம் எழுப்பும் அடுக்குமாடி நகரியங்களின் மையத்தில் பேருந்து முனையமும் ரயில் நிலையமும் திட்டத்தின் பகுதியாகவே இடம்பெறுகின்றன. 2012-இல் தொடங்கிய திட்டம் ஒன்றின் மூலம் அந்நாட்டு அரசு தன் செலவில் ஆயிரம் பேருந்துகளைக் கூடுதலாக இயக்கச் செய்தது. 2016 முதல் பேருந்துகளை அரசே உடைமையாக வைத்துக்கொண்டு, இயக்குவதை மட்டும் ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டுள்ளது. வார நாள்களின் நெரிசல் நேரத்தில் எந்தத் தடத்திலும் இடைவெளி 15 நிமிடங்களைத் தாண்டக் கூடாது. குறைந்தது பாதித் தடங்களில் அது 10 நிமிடங்களுக்கு மிகக் கூடாது என்று தரம் வகுக்கப்பட்டது. குடிமக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி எண்ணாக எழுதப்பட்டிருப்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

சென்னையிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 118.9 கி.மீ. நீளமுள்ள மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் ரூ.63,246 கோடி மதிப்பீட்டில் நடைபெறுகின்றன. 2025 ஜூன் முதல் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் ஓடத் தொடங்கியுள்ளன. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு பெறும் வசதியும் வந்திருக்கிறது. ஆயினும், மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டு கி.மீ. தொலைவில் வசிப்பவருக்கு, அந்த இரண்டு கி.மீ.க்கான சிற்றுந்து கிடைக்காவிட்டால் பல்லாயிரம் கோடி முதலீடும் எட்டாக்கனியே. இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்க வேண்டிய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் நடந்ததோ 2022 நவம்பரில். இழந்த பன்னிரண்டு ஆண்டுகளை ஈடுசெய்யும் வேகம் இனியேனும் வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை, பத்து அல்லது பதினைந்து நிமிடங்களுக்கு ஒரு பேருந்து உறுதியாக ஓடும் தடங்களை வரையறுத்து, அந்த வரைபடத்தை மக்கள்முன் வைக்க வேண்டும். இரண்டாவதாக, கூடுதல் தளப்பரப்புக்கான அனுமதியைச் சாலையின் அகலத்தோடு மட்டுமன்றி, இந்தத் தடங்களோடும் இணைக்க வேண்டும். தடத்தை ஒட்டிய இடங்களில் வாகன நிறுத்தக் கட்டாயத்தைத் தளர்த்தினால் வீட்டின் விலையும் குறையும். மூன்றாவதாக, கூடுதல் தளப்பரப்புக்கென அரசு பெறும் கட்டணத்தின் ஒரு பகுதியை, அதே பகுதியில் பேருந்து இயக்கும் செலவுக்கென ஒதுக்க வேண்டும். ஒருமுறை வரும் அக்கட்டணம் தொடர்செலவை முழுதாகத் தாங்காது என்பது சரியே. ஆனால், புதிய தடம் பயணிகளைத் திரட்டும் முதல் சில ஆண்டுகளைக் கடக்க அது கைகொடுக்கும்.

ஒரு குடியிருப்புக்குக் குடிநீரும் மின்சாரமும் வருவதற்கு முன்பு அங்கு எவரும் குடியேறுவதில்லை. பேருந்தை மட்டும் குடியேறிய பின்னர் போராடிப் பெற வேண்டிய சலுகையாக வைத்திருப்பது முறையன்று. புறநகரில் எத்தனை மாடிகள் எழலாம் என்று எழுதும் அதே கோப்பில், அதன் வாசலில் எத்தனை நிமிடங்களுக்கு ஒரு பேருந்து வரும் என்பதும் எழுதப்பட வேண்டும்.