டிப்ஸும் தரமும்: அமெரிக்க உணவகக் கூலி பற்றி ஒரு வாதம்

நன்றாகப் பரிமாறினால் 20 விழுக்காடு, சுமாராக இருந்தால் 15, மனம் கோணினால் அதற்கும் கீழே: அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ் கொடுப்போரில் பலர் வைத்திருக்கும் கணக்கு இது. தரத்துக்கேற்ப டிப்ஸைக் கூட்டிக் குறைப்பது நியாயம் என்றே பொதுவாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை தவறு என்பது என் வாதம்.

முதலில், அந்தப் பணம் என்ன பணம் என்று பார்க்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி இதில் 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.12 டாலரை டிப்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம். உணவகத் தொழிலாளர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1966ஆம் ஆண்டுத் திருத்தமே இந்தக் கழிவுக்கும் வழிவிட்டது. அன்று கழிவு கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் பங்கை 2.13 டாலரிலேயே நிறுத்திவிட்டது. 1991இல் எட்டிய தொகை அது. இன்றுவரை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டிப்ஸ் போதாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த ஈடு 7.25 டாலரோடு முடிந்துவிடும். ஆகவே டிப்ஸைக் குறைக்கும் வாடிக்கையாளர் வெகுமதியை நிறுத்தவில்லை, கூலியைப் பிடிக்கிறார்.

சரி, தரத்தை அளந்துதான் பிடிக்கிறாரா? அதுவும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின், மைக்கேல் மெக்கால் என்பவருடன் சேர்ந்து 2000இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். டிப்ஸில் காணும் ஏற்றத்தாழ்வில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவானதையே பரிமாறலின் தரத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. வேறு காரணிகள் எளிதாக வேலை செய்கின்றன. பணியாளர் வாடிக்கையாளரின் கையையோ தோளையோ லேசாகத் தொட்டால் டிப்ஸ் கூடுகிறது என்று 1984ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. பில்லில் ஒரு சிரித்த முகம் வரைந்தபோது பெண் பணியாளருக்குக் கூடியது, ஆணுக்குக் கூடவில்லை. இவற்றைவிடக் கொடியது நிறம். லின்னும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினப் பணியாளர்களுக்கு வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகிய இருதரப்பு வாடிக்கையாளர்களும் குறைவாகவே கொடுத்திருந்தனர். ஒரு முதலாளி இப்படி நிறம் பார்த்துச் சம்பளம் போட்டால் வழக்கு வரும். வாடிக்கையாளர் செய்தால் அவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம்.

சமையலறையில் ஏற்படும் தாமதத்துக்கும் பரிமாறுபவரே தண்டம் கட்டுகிறார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எதிர்வாதம் வலுவானதுதான். நியூயார்க்கில் டேனி மேயர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸை ஒழிக்கத் தொடங்கி, 2020இல் அந்த முயற்சியைக் கைவிட்டார். நல்ல வருமானம் தரும் உணவகங்களில் பணியாளர்களே டிப்ஸை விரும்புவதும் உண்மை. ஆனால் டிப்ஸ் இருக்கட்டுமா என்பது வேறு கேள்வி. அது தரத்தின் தராசாகட்டுமா என்பதே இங்குள்ள கேள்வி. அலட்சியமாகப் பரிமாறினால் மேலாளரிடம் சொல்லலாம். பணியாளரைத் திருத்துவதும் பயிற்றுவதும் சம்பளம் கொடுப்பவரின் கடமை.

எனவே வாடிக்கையாளர் வழக்கமான விகிதத்தை மாற்றாமல் கொடுத்துவிட்டு, குறையை வாயால் சொல்லட்டும். சட்டமன்றங்கள் கூலிக்கழிவை நீக்கட்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவுக்கு இன்றும் இடமில்லை. அங்கும் உணவகங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.